இரும்புக் கருவுக்கு மேல் கீழ் தெரியாது

கண் மருத்துவர் விட்ட சொட்டு மருந்தில் எதிர்ச்சுவரே கலங்கித் தெரிந்துகொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. திரையில் யார் பெயர் என்று படிக்க முடியவில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டேன். நாசரேத்திலிருந்து ஷீபா. கிருபாவதி மிஸ்ஸின் அண்ணன் மகள்.

"ஹமீது சார், அத்தை போயிட்டாங்க. இன்னைக்குக் காலையில."

"கஷ்டப்பட்டாங்களாம்மா?"

"அவங்க எங்க கஷ்டப்பட்டாங்க? நேத்து சாயங்காலம் வரைக்கும் நர்ஸுகிட்ட சண்டை. 'இந்த பிரஷர் மிஷினைக் கடைசியா என்னைக்குச் சரிபாத்தீங்க'ன்னு கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளையை அழ வச்சுட்டாங்க."

சிரிப்பில் தொடங்கிய ஷீபாவின் குரல் அழுகையில் முடிந்தது. மருந்து விட்ட கண்ணோடு நான் என்ன செய்ய முடியும்? உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் மருந்தின் எரிச்சல் என்று நினைத்திருப்பார்கள்.

மதியத்துக்குள் நம் கல்லூரிப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்திகள் குவியத் தொடங்கின. 'அமைதியின் உருவம்' என்று ஒருவர். 'யாரிடமும் முகம் சுளிக்காதவர்' என்று இன்னொருவர். நண்பர்களே, நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்? கிருபாவதி மிஸ் அமைதியானவர் இல்லை. முகம் சுளிப்பதோடு அவர் நின்றதும் இல்லை. அவரைக் கும்பிட்டுப் படமாக மாட்டிவிட்டு மறந்துபோக நான் விடமாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் ஒரே கல்லூரியில், ஒரே ஆண்டில், இயற்பியல் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். அவர் நாசரேத்துக்காரர். அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் ஆசிரியர்கள். நான் காயல்பட்டினம். என் வாப்பா கொழும்புக்குத் தோணி விட்டவர். படித்தவன் என்று வீட்டில் இருந்த முதல் ஆள் நான். அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கடைசிவரை நான் அவரை 'மிஸ்' என்றேன், அவர் என்னை 'சார்' என்றார். சண்டையிலும் அப்படியே.

அந்தச் சமயத்தில் மதராஸில் ஒரு பேராசிரியர் பெரிய காரியம் ஒன்றைச் சாதித்திருந்தார். அமெரிக்காவில் ஒரு முடுக்கியில் கனமான அணுக்கருக்களைப் பெரும் வேகத்தில் ஓடவிடும் வேலை புதிதாகத் தொடங்கியிருந்தது. அங்கே இரும்புக் கருக்கள் பாய்ச்சப்பட்ட எமல்ஷன் தட்டுகளில் ஒரு பங்கை அவர் கேட்டு வாங்கி வந்திருந்தார். போட்டோ பிலிமில் இருப்பது போன்ற பூச்சுதான், ஆனால் தடிமனாகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அதற்குள் பாய்ந்த கரு இன்னொரு கருவில் மோதினால், மோதிய இடத்திலிருந்து கோடு கோடாகத் தடம் விரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பு நட்சத்திரம் வெடித்தது மாதிரி இருக்கும். மிஸ் அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பேராசிரியர் கையிலிருந்த தட்டுகளில் ஒரு பகுதியும் இரண்டு மைக்ராஸ்கோப்புகளும் தூத்துக்குடிக்கு வந்தன. ஒன்றில் மிஸ், இன்னொன்றில் நான்.

கல்லூரிச் செயலரிடம் தனி அறை கேட்கப் போனோம். செயலருக்கு உப்பளங்கள் இருந்தன.

"இதனால காலேஜுக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்றார்.

"தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அளக்கவே வேண்டாமே" என்றார் மிஸ்.

நான் அவர் காலை மிதித்தேன். அவர் பொருட்படுத்தவில்லை. "சார், உங்க உப்பு லாரி ரெண்டு நேருக்கு நேரா மோதுதுன்னு வைங்க. முன்னால ஓடிக்கிட்டிருந்த வேகம் எங்க போவுது? மூட்டை பக்கவாட்டுல தெறிக்கும், வண்டி நசுங்கும், சூடாகும். அணுக்கரு மோதுனா இன்னும் ஒண்ணு நடக்கும். அதுவரைக்கும் இல்லாத துகள் புதுசா பிறக்கும். ஓடி வந்த சக்தியில எத்தனை பங்கு இப்படித் தெறிச்சு, புதுசா பிறந்து போவுதுன்னு பாக்குதோம். அவ்வளவுதான்."

"எல்லாம் சரி, லாரி என்னுதா இருக்கக் கூடாது" என்று சிரித்துவிட்டுச் செயலர் அறையைத் தந்தார். மாடியில், கடலைப் பார்த்த அறை. அதுதான் வினை.

தூத்துக்குடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பொரித்த அப்பளம் சாப்பாட்டு வேளைக்குள் நமுத்துவிடும். எமல்ஷன் பூச்சிலிருப்பது ஜெலட்டின். அதுவும் அப்படித்தான். வாடைக்காற்றில் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்றில் காய்ந்து மெலியும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. மருந்துகளில் கழுவி எடுத்தபின் பூச்சின் தடிமன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எனவே ஆழத்தில் நாம் அளக்கும் எதையும் ஓர் எண்ணால் பெருக்கித்தான் உண்மையான ஆழத்தைப் பெற வேண்டும். தட்டு பருத்திருக்கும் நாளில் அதே எண்ணால் பெருக்கினால் ஆழம் கூடுதலாக வரும். தடங்கள் நிஜத்தைவிட அதிகமாக விரிந்தது போலத் தெரியும். விரிவு கூடினால் சக்தியும் கூடிவிடும்.

ஆகவே மிஸ் ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும் முன் தட்டின் தடிமனை அளந்தார். பாதிக் காலை அதிலேயே போகும். எனக்கு எரிச்சல். "நாம அளக்க வந்தோமா, இதுக்கு நாடி பாக்க வந்தோமா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நாடி பாக்காம மருந்து குடுக்கிற வைத்தியர்கிட்ட உங்க உம்மாவைக் கூட்டிட்டுப் போவீங்களா சார்?" என்றார் தலையை நிமிர்த்தாமலே. குமிழைத் திருப்பும்போது அது சிக்கிக்கொண்டால் அதைப் பார்த்து, "ஏலே, சும்மா கெட" என்பார். மைக்ராஸ்கோப்பை ஏலே போட்டு அதட்டிய ஒரே இயற்பியலாளர் அவராகத்தான் இருப்பார்.

இரண்டு ஆண்டுகள் அளந்தோம். பிறகு மதராஸுக்கு அழைப்பு வந்தது.

பேராசிரியரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தட்டு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். எங்கோ மூலையில் கிடந்த ஒரு கல்லூரியை நம்பி அரிய பொருளைக் கொடுத்தவரும் அவர்தான். அன்று மேசையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருக்க, அவர் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம் போல இருந்தது. மதராஸில் அளந்த மோதல்களில், எந்தக் கணக்கும் சொல்லாத அளவுக்குச் சக்தி பக்கவாட்டில் கொட்டியிருந்தது. கருக்கள் அமுங்கி, இதுவரை யாரும் பார்க்காத நிலைக்குப் பொருள் போயிருக்கலாம் என்றார். வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றில் அறிவிக்கப் போகிறார். தூத்துக்குடி அளவுகளில் மட்டும் அந்தக் கூடுதல் இல்லை.

"உங்கள் தட்டுகளை உப்புக் காற்று தின்றுவிட்டது. அவற்றை விட்டுவிடுவோம்" என்றார் மிஸ்ஸைப் பார்த்து. குரலில் கடுமை இல்லை. ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார்.

மிஸ் அங்கேயே ஒரு வாரம் தங்கினார், கூட நானும். மதராஸ் அளவுகள் அனைத்தையும் வாங்கி உட்கார்ந்தார். வார முடிவில் மறுபடியும் கூட்டம். கரும்பலகையில் ஒரு தட்டு வரைந்தார், படுத்த வாக்கில். அதனூடே பாயும் கருவுக்கு ஓர் அம்புக்குறி.

"சார், மோதல்ல தெறிக்கிற துகள் இடது வலதா தட்டோட தளத்துலயும் போவும், மேல கீழ ஆழத்துலயும் போவும். ரெண்டும் சராசரியில ஒண்ணா இருக்கணும். தூத்துக்குடியில ஒண்ணாத்தான் இருக்கு. இங்க இடது வலது சாதாரணமா இருக்கு. மேல கீழ மட்டும் கூடி நிக்கி. நீங்க சொல்லுத கூடுதல் சக்தி மொத்தமும் அந்த ஆழத்துலதான் இருக்கு." சாக்பீஸைக் கீழே வைத்தார். "பறந்து வார இரும்புக் கருவுக்கு, நம்ம கண்ணாடி எந்தப் பக்கமாப் படுத்துக் கெடக்குன்னு தெரியுமா சார்?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உப்புக் காற்றில் இருந்துகொண்டு நீங்கள் எங்கள் தட்டைக் குறை சொல்கிறீர்கள்."

"உப்புக்காத்து தின்னுச்சு சார். எவ்வளவு தின்னுச்சுன்னு தினமும் அளந்திருக்கோம். உங்க தட்டு எவ்வளவு வீங்குச்சுன்னு யாராவது அளந்தீங்களா?"

"இது ஏ.சி. அறை."

"போன கோடையில மின்வெட்டு இருந்துச்சே. ஏ.சி. ஓடுச்சா சார்?"

கடைசி வரிசையில் இருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. பேராசிரியரும் அவரைப் பார்த்தார். பார்த்தும், "கூட்டம் முடிந்தது" என்றார்.

மறுநாள் கட்டுரையை முன்னால் வைத்தார்கள், ஒப்புதல் கையெழுத்துக்கு. எல்லாரும் போட்டிருந்தார்கள். மூன்று தட்டுகளை மட்டும் எங்கள் கண்முன் மறுபடி அளக்கச் சொல்லி மிஸ் கேட்டார். நேரமில்லை என்றார்கள்.

"அப்படின்னா என் பேரை எடுத்துடுங்க."

"பேர் போனால் பட்டமும் போகும், கிருபாவதி. யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசிச்சிட்டுத்தான் சார் ஒரு வாரம் இங்க இருந்தேன்."

வெளியே வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க போடுங்க சார். உங்களுக்குக் குடும்பம் இருக்கு, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாதித் தட்டுகளை என் கண்ணால் பார்த்தவன் நான். "உங்க ஒருத்தருக்குத்தான் கண்ணு இருக்கோ மிஸ்?" என்று கேட்டேன். ஊர் வந்து சேரும்வரை ரயிலில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கட்டுரையில் என் பெயரும் இல்லை.

சில வாரங்களில் மதராஸிலிருந்து வேன் வந்தது, மைக்ராஸ்கோப்புகளையும் தட்டுகளையும் திரும்ப எடுத்துப் போக. கல்லூரியில் எல்லாரும் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மிஸ் தாமே லென்ஸ்களைத் துடைத்து, பஞ்சு வைத்து, பெட்டியில் அடுக்கினார். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "நம்ம பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டுத வரைக்கும் ரோடு குண்டும் குழியுமா இருக்கு. மெதுவா ஓட்டுங்க. இது மேல எனக்குக் கோவம் கிடையாது" என்றார். வேன் கேட்டைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு பத்து நிமிஷம் அழுதுட்டு வாரேன். என் கிளாஸைப் பாத்துக்கிடுங்க."

போனார். வந்தார். முகம் கழுவியிருந்தது. நான் பாதியில் விட்ட கணக்கைப் பலகையில் பார்த்து, அதில் ஒரு குறி தப்பு என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார்.

தட்டுகள் போனால் என்ன, அளந்தது எங்களிடம் இருந்தது. இடது வலதையும் மேல் கீழையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையை மட்டும் சிறு கட்டுரையாக எழுதினோம். மதராஸ் அளவுகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இருமுறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை நம் நாட்டுச் சிறிய ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. மிஸ் அதற்காக எல்லாருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். செயலருக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார். "லாரி மோதி முடிஞ்சுட்டு" என்று சொல்லி அனுப்பினாராம்.

அதற்கடுத்த ஆண்டு பேராசிரியரிடமிருந்து ஒருவர் தூது வந்தார். மிஸ் எழுதி அனுப்பியிருந்த ஆய்வேட்டில் அந்தச் சோதனை பற்றிய அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் அருமையாக இருக்கிறது, சீக்கிரமே பட்டம் வாங்கிவிடலாம் என்றார். நல்ல மனதோடு வந்த மனிதர்தான்.

"அந்த அத்தியாயம் இல்லைன்னா அது என் ஆய்வேடு இல்ல. வேற யாருக்காவது குடுங்க" என்றார் மிஸ். அவரை உட்காரவைத்து மீன் குழம்போடு சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

இதை வீரக்கதையாக மட்டும் நீங்கள் படித்துவிடக் கூடாது. பட்டம் இல்லாததால் அவர் துறைத்தலைவர் ஆகவே இல்லை. அவரிடம் படித்தவர்கள் பட்டம் வாங்கி வந்து அவருக்கு மேலே உட்கார்ந்தார்கள். அவர்களிடம் விடுப்புக்கு நின்றார். ஒருநாள் அப்படி நின்றுவிட்டு வந்து, "இது வலிக்கத்தான் செய்யுது சார். வலிக்கலன்னு சொன்னா பொய்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்காக அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கலாம்னு ஒரு நாளும் தோணல" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

அறிவித்த கூடுதல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதே மாதிரித் தட்டுகளை வேறு நாடுகளில் பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மறுப்பு என்று யாரும் எழுதவில்லை. மெல்ல மெல்ல அந்தக் கட்டுரையை யாரும் குறிப்பிடாமல் விட்டார்கள். அறிவியலில் இப்படியும் ஒரு சாவு உண்டு.

எழுபதுகள் முடியும் தறுவாயில் நம் கல்லூரி விழாவுக்கு அந்தப் பேராசிரியரே சிறப்பு விருந்தினராக வந்தார். அவருக்கு மாலை போடும்படி முதல்வர் மிஸ்ஸிடம் சொன்னார். "மாலை வேற யாராவது போடட்டும். எனக்குக் கேள்வி இருக்கு" என்றார். உங்களில் சிலர் அன்று அந்தப் பந்தலில் இருந்தீர்கள். உண்மையைத் தேடுவது பற்றிப் பேராசிரியர் அழகாகப் பேசி முடித்தார். கைதட்டல் ஓயுமுன் மூன்றாவது வரிசையிலிருந்து மிஸ் எழுந்தார்.

"சார், அந்தத் தட்டுகளை மறுபடி அளந்தீங்களா?"

முதல்வர் பதறி மைக்கைப் பிடித்தார். பேராசிரியர் சிரிக்க முயன்றார். "அதை டீ குடிக்கும்போது பேசலாமே, கிருபாவதி."

"டீ வேண்டாம் சார். பதில் போதும்."

துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதியது மட்டும் கேட்டது. பேராசிரியர் மேசையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அப்போதே அவருக்கு வயதாகியிருந்தது.

"அளந்தேன்" என்றார் கடைசியில். "ஏ.சி. ஓடவில்லை."

மிஸ் தலையசைத்தார். "தேங்க்யூ சார்" என்று சொல்லி உட்கார்ந்தார். வெற்றிச் சிரிப்பு ஏதுமில்லை. பேராசிரியர் அன்று சொன்னதை எங்கும் எழுதவில்லை. பட்டத்தைப் பற்றிய பேச்சும் மறுபடி எழவில்லை. மிஸ் கேட்கவும் இல்லை.

மிஸ் போன அன்று மாலையே அடக்கத்துக்கு நாசரேத் போனேன். தெருமுனையில் பெரிய பேனர். அவர் படம், பூ வேலைப்பாடு, நடுவே கொட்டை எழுத்தில் 'முனைவர் கிருபாவதி'. கண்ணில் மருந்தின் மங்கல் இன்னும் இருந்தது. கிட்டப் போய் மறுபடி படித்தேன். பிறகு பேனர் கட்டிய தம்பிகளைக் கூப்பிட்டேன்.

"அந்த முதல் சொல்லை அழிச்சிருங்கப்பா."

"அய்யா, மரியாதைக்குப் போட்டது. இத்தனை வருஷம் காலேஜ்ல இருந்தவங்க. இறந்தவங்களுக்கு ஒரு பட்டம் குடுத்தா என்ன கொறஞ்சிரும்?"

"அவங்களுக்குக் குடுக்க வந்தாங்க. அவங்க வேண்டாம்னாங்க. அதைவிடப் பெரிய மரியாதை உங்ககிட்ட இருக்கா?"

கூட்டம் கூடிவிட்டது. உறவுக்காரர் ஒருவர், "சாவு வீட்டுல வந்து என்ன அண்ணாச்சி இது" என்று என் தோளைத் தொட்டார். அப்போது ஷீபா வீட்டிலிருந்து வந்தாள். அழுது வீங்கிய முகம். என்ன விஷயம் என்று கேட்டாள். பேனரைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பிப் போய், கதவுக்கு அடித்து மீந்திருந்த வெள்ளை பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து அந்தத் தம்பியின் கையில் கொடுத்தாள். அவர் ஏணியில் ஏறினார். வெறும் 'கிருபாவதி' மிஞ்சியது. அதன் கீழேதான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. மேடையில் இருப்பவரோ, அரசாங்கமோ, ஆஸ்பத்திரியோ, யார் ஓர் எண்ணை என் முன்னால் வைத்தாலும் 'எப்படி அளந்தீங்க?' என்று கேட்கிறேன். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்கிறார்கள். பேசாமல் இருங்கள் என்று என் மகனே சட்டையைப் பிடித்து இழுக்கிறான். இழுக்கட்டும். பதில் வரும்வரை நான் உட்காருவதாக இல்லை.